உடலில் உறங்கும் கிருமிகளும் முதியோர் ஆயுளும்

கிராம அபிவிருத்தி என்றதும் கிணறு, சாலை, பள்ளிக்கூடம், விதை, உரம் என்று எண்ணுவதே நம் வழக்கமாகிவிட்டது. இவை யாவும் வேண்டியவையே. ஆயினும், ஊரில் வாழ்வோரின் வயதை ஒரு முறை கணக்கெடுத்துப் பார்த்தால், நமது வேலைத் திட்டத்தில் இன்னோர் இனமும் சேர்க்கப்பட வேண்டியிருப்பது விளங்கும். 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு 10.4 பேர் 60 வயதை எட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள். இந்தியா முழுமைக்கும் அவ்விகிதம் 8.6. அதன் பின்னர் இது ஏறியிருக்கிறதேயன்றி இறங்கவில்லை. டி. கல்லுப்பட்டி வட்டாரத்தைப் போன்ற மானாவாரிக் கரிசல் சீமையில், வாலிபர் பலர் மதுரைக்கும் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் பிழைப்பு நாடிச் சென்றுவிட, பருத்திக் காட்டையும் மக்காச்சோளக் காட்டையும் காத்து, ஆடுமாடுகளைப் பேணி, பேரப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வைப்பவர்கள் பெரும்பாலும் முதியோரே. அவர்கள் ஊருக்குச் சுமையல்லர். ஊரின் பாதி உழைப்பு அவர்களுடையது. அவ்வுழைப்பாளர்களின் உடல் நிலை பஞ்சாயத்தின் கவலைக்கு உரிய விஷயமா என்ற கேள்விக்கு இடமே இல்லை.

ஒரே காய்ச்சல் ஒரே வீட்டில் மூவருக்கு வருகிறது. பேரன் மூன்றாம் நாள் விளையாடப் போகிறான். மகன் ஐந்தாம் நாள் ஏர் பூட்டுகிறான். தாத்தாவோ பாயை விட்டு எழுவதில்லை. இது ஏன்? கொரோனா நோயின்போது இவ்வேற்றுமையை நாடே கண்டது. தமிழ்நாட்டில் அந்நோயால் நேர்ந்த முதல் மரணம் 2020 மார்ச் 25ஆம் தேதி மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பதிவாயிற்று. அதன் பின்னர் நம் மாநிலத்தில் 38,000க்கு மேற்பட்டோர் இறந்ததாக அரசுக் கணக்கு கூறுகிறது. அவர்களில் வயோதிகரின் பங்கே மிகுதி. "வயதாகிவிட்டது, என்ன செய்வது?" என்று சொல்லி நாம் அமைதி கொள்கிறோம். வயது என்பது ஒரு காரணத்தின் பெயர் மட்டுமே. அக்காரணம் உடலுக்குள் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிஞர்கள் சென்ற முப்பது நாற்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் கண்டவற்றுள் ஒரு பகுதியை நம் வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வைரஸ் என்னும் நுண்கிருமிகளை இரு வகையாகப் பிரித்துக் கொள்வது வசதி. ஒரு வகை, வழிப்போக்கனைப் போல வந்து, சில நாள் தொல்லை கொடுத்துவிட்டு வெளியேறிவிடும். சளிக்காய்ச்சல் தரும் இன்ஃபுளுயென்சா இவ்வகையைச் சேர்ந்தது. மற்றொரு வகை, வந்தபின் வெளியேறுவதே இல்லை. நோய் தணிந்தது போலத் தோன்றும். கிருமியோ உடலின் ஏதோ ஒரு மூலையில் குடியேறி, ஆயுள் முழுதும் உறங்கிக் கிடக்கும். அதை உறங்கவைக்கும் காவற்காரர்கள் நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள். காவல் தளர்ந்தால் கிருமி விழித்துக்கொள்ளும். இவ்விரண்டாம் வகையில் நம் கிராமத்தார் அனைவரும் நன்கறிந்த ஒன்று உண்டு. அதன் ஒரு முகம் சின்னம்மை; மறுமுகம் அக்கி.

சின்னம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, தாளிதம் நிறுத்தி, அம்மன் வந்திருக்கிறாள் என்று அடக்கமாக இருப்பது நம் பக்கத்து மரபு. அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றியதும் எல்லாம் முடிந்தது என்று கருதுகிறோம். உண்மையில் அக்கிருமி தோலை விட்டு நீங்கி, தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளுக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. பத்து வயதில் வந்த அம்மை, அறுபது வயது வரை அங்கே ஒரு சத்தமுமின்றி இருக்கக்கூடும். பின்னர் காவல் தளர்ந்த ஒரு நாளில், அதே கிருமி ஒரு நரம்பின் வழியே கீழிறங்கி, அந்நரம்பு சென்று சேரும் தோற்பரப்பில் மட்டும் கொப்புளங்களாக வெடிக்கிறது. ஆதலால்தான் அக்கி உடலின் ஒரு பக்கத்தில், விலாவிலோ இடுப்பிலோ நெற்றியிலோ, பட்டை போட்டாற்போல வருகிறது. கொப்புளம் தோன்றுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அவ்விடத்தில் எரிச்சலும் குத்தலும் காணும். வயற்காட்டில் ஏதோ பூச்சி ஊர்ந்துவிட்டது என்றும், சூட்டினால் வந்தது என்றும் பலர் எண்ணுவர். அக்கி வெளியிலிருந்து வருவதன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் உள்ளே சென்றதே இப்போது வெளியே வருகிறது.

இவ்வுண்மையை நிலைநாட்டியவர் பெரிய ஆராய்ச்சிசாலையில் பணியாற்றிய விஞ்ஞானி அல்லர் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்னும் சிற்றூரில் குடும்ப வைத்தியராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், தம்மிடம் சிகிச்சைக்கு வரும் சுமார் 3,500 பேரைக் கொண்டே இவ்வாராய்ச்சியைச் செய்தார். 1947 முதல் 1962 வரை 16 ஆண்டுகளில் தாம் கண்ட 192 அக்கி நோயாளிகளின் வயதையும் விவரத்தையும் ஒரு குறிப்பேட்டில் விடாது எழுதி வந்தார். வயது ஏற ஏற அக்கியும் ஏறுவதை அக்கணக்கு காட்டிற்று. ஆயிரம் பேர் 85 வயது வரை வாழ்ந்தால் அவர்களில் பாதிப் பேருக்கு ஒரு முறையேனும் அக்கி வந்திருக்கும் என்று அவர் கணித்தார். கிருமி நரம்பில் உறங்குகிறது, உடலின் எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழிக்கிறது என்ற கருத்தை 1965இல் வெளியிட்டார். ஒரு குறிப்பேடும் பொறுமையும் இருந்தால் கிராமத்திலிருந்தே உலகிற்கு அறிவு வழங்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று. நமது கிராம சுகாதாரச் செவிலியர்களின் பதிவேடுகளைப் புரட்டும்போதெல்லாம் நமக்கு அவர் நினைவு வருகிறது.

அக்கி கண்டால் நம் பகுதியில் முதலில் நாடுவது மண்பாண்டம் வனையும் வேளார் வீட்டை. அவர் செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மீது எழுதுவார். சில இடங்களில் சிங்க உருவம் வரைவதும் உண்டு. மூன்று நாள் அல்லது ஐந்து நாள் எழுதினால் அக்கி இறங்கும் என்பது நம்பிக்கை. இவ்வழக்கத்தைப் பரிகசிப்பதில் நமக்கு விருப்பமில்லை. காசு பணம் பாராது அண்டை வீட்டாரின் வேதனைக்கு ஆறுதல் அளிக்கும் பண்பு அதில் இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். கொப்புளங்கள் எந்த மருந்தும் இன்றியே இரண்டு முதல் நான்கு வாரங்களில் காய்ந்து உதிர்ந்துவிடும். அப்புகழ் காவிக்குச் சேர்கிறது. காவியால் நேரும் நஷ்டம் காவியில் இல்லை. கடந்து போன நாட்களில் இருக்கிறது. அசைக்ளோவிர் என்ற மருந்து, கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்கப்பட்டால்தான் நன்கு பயன்படும். அதற்குள் நரம்பினுள் கிருமி பெருகுவதைத் தடுத்துவிடலாம். காலம் கடந்தால், தோல் ஆறியும் நரம்பு ஆறாது.

ஒரு முறை ஊராட்சி வேலைகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, எழுபது வயதை ஒட்டிய ஒரு மூதாட்டி, திண்ணையில் இடப் பக்கம் சாயாமல் ஒருக்களித்து அமர்ந்திருந்தார். "அக்கி எழுதியாச்சுங்கய்யா, அது போயிருச்சு. இந்தக் காந்தல்தான் போக மாட்டேங்குது" என்றார். அக்கி வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சேலைத் தலைப்பு படுவதைக்கூடப் பொறுக்க முடியாத எரிச்சல். இரவில் உறக்கமில்லை, உறக்கமின்மையால் உணவில் விருப்பமில்லை, களையெடுப்பிற்கும் செல்வதில்லை. மூன்று மாதத்திற்கு மேலும் நீடிக்கும் இந்நரம்பு வலி, வயது கூடக் கூட அதிகம் பேரைப் பிடிக்கிறது. உயிரைப் போக்கும் நோய் அன்றென்றாலும், நடமாடும் மனிதரை முடக்கிப் போடும் நோய் இது. முதுமையில் முடங்குதல் எங்கே கொண்டுபோய் விடும் என்பது யாவரும் அறிந்ததே. அன்றியும், அக்கி கண்ட முதல் சில வாரங்களில் பக்கவாதம் வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுதலாக இருப்பதையும் மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர்.

இனி, பெயரே கேள்விப்படாத மற்றொரு குடியிருப்புக் கிருமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சைட்டோமெகலோ வைரஸ் என்பது அதன் பெயர். உமிழ்நீர், தாய்ப்பால், சிறுநீர் முதலியவற்றின் வழியே பரவுவது. இந்தியாவில் வயது வந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இது குடிகொண்டிருக்கிறது. ஆகவே இதைப் படிக்கும் அன்பரிடத்தும், எழுதும் நம்மிடத்தும் இது இருக்கிறது என்றே கொள்ளலாம். பெரும்பாலும் சிறு வயதிலேயே, வந்தது தெரியாமல் வந்துவிடுகிறது. திடகாத்திரமானவருக்கு யாதொரு தீங்கும் வெளிப்படத் தெரிவதில்லை. கருவிலுள்ள சிசுவிற்கும், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோருக்கும், எதிர்ப்புச் சக்தி அழிந்தோருக்குமே இது நேரடியாக ஆபத்து விளைவிக்கும். அவ்வாறிருக்க, முதியோர் ஆயுளைப் பற்றிய பேச்சில் இதற்கு என்ன இடம்?

நம் கண்மாயை உவமையாகக் கொண்டால் இது எளிதில் விளங்கும். மார்பெலும்பிற்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. புதிய காவல் அணுக்கள் பக்குவம் பெற்று வெளிவருவது அங்கேதான். அதுவே வரத்துக்கால். குழந்தைப் பருவத்தில் அது நிரம்ப ஓடும். வாலிபம் தொட்டே அச்சுரப்பி சுருங்கி, அதனிடத்தில் கொழுப்பு அடைந்து, முதுமையில் வரத்துக்கால் ஏறக்குறைய மேடிட்டுவிடும். ஆகவே, கிழவருக்கு இருப்பது முன்னரே கண்மாயில் தேங்கிய நீர் மட்டுமே. அந்நீரைச் சிக்கனமாக எல்லா வயல்களுக்கும் பகிர வேண்டும். ஆனால் கண்மாய்க்குள் சீமைக்கருவேல் முளைத்திருந்தால்? ஆண்டுதோறும் அது வேரூன்றி நீரை உறிஞ்சிக் கொள்ளும். சைட்டோமெகலோ வைரஸ் அப்படிப்பட்டது. அது அடிக்கடி தலை தூக்குவதும், காவல் அணுக்கள் ஓடிச் சென்று அடக்குவதுமாகப் பல பத்தாண்டுகள் கழிகின்றன. கடைசியில், நினைவாற்றலுள்ள காவல் அணுக்களில் சராசரி பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே கிருமியைக் கண்காணிப்பதற்கென்றே நியமனமாகிவிடுகிறது. வயோதிகர் சிலரிடம் இப்பங்கு இன்னும் மிகுந்து காணப்படுகிறது. புதிதாக ஒரு காய்ச்சல் கிராமத்தில் நுழையும்போது அதை எதிர்க்கப் புது ஆட்கள் இல்லை. தடுப்பூசி போட்டாலும் அதன் பாடத்தைக் கற்கும் அணுக்கள் குறைவு. இதனையே எதிர்ப்புச் சக்தியின் முதுமை என்கிறார்கள். இத்துடன், ஓயாத காவலினால் உடலில் உமித்தணல் போன்ற ஒரு மெல்லிய அழற்சி எந்நேரமும் கனன்று கொண்டிருக்கிறது. அது இரத்தக் குழாய்களுக்கு நல்லதன்று.

இதனால் ஆயுள் குறைகிறதா என்பதைப் பல நாட்டார் பரிசோதித்தனர். சுவீடன் தேசத்தில் ஜோன்சோப்பிங் என்னுமிடத்தில் 85 வயதைக் கடந்த முதியோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, காவல் அணுக்களின் இரு பிரிவுகள் தலைகீழ் விகிதத்தில் அமைந்தவர்கள் மற்றவர்களைவிட விரைவில் மரித்தனர். அவ்வமைப்பு சைட்டோமெகலோ வைரஸ் உடையோரிடமே காணப்பட்டது. அமெரிக்காவில் சேக்ரமண்டோ நகரைச் சூழ்ந்த பகுதியில் 60 முதல் 101 வயது வரையிலான 1,468 பேரை ஒன்பது ஆண்டுகள் கவனித்து 2010இல் வெளியிட்ட முடிவில், இக்கிருமிக்கு எதிரான பொருள் இரத்தத்தில் மிக அதிகமாக இருந்தவர்களின் மரண விகிதம், மிகக் குறைவாக இருந்தவர்களைப் போல 1.43 மடங்காக இருந்தது. இங்கிலாந்தில் நார்ஃபோக் பிரதேசத்தில் 13,000க்கு மேற்பட்டோரைக் கொண்டு செய்த ஆராய்ச்சியும் இதே திசையைக் காட்டிற்று. எனினும், பல ஆராய்ச்சிகளை ஒருங்கே கூட்டிப் பார்த்தபோது அத்தகைய தொடர்பு தெளிவாகத் தென்படவில்லை என்று 2021இல் வேறு அறிஞர்கள் கூறினர். ஆகவே இவ்வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. கிருமி முதுமையை விரைவுபடுத்துகிறதா, அன்றி முதுமையால் காவல் தளர்ந்தவரிடம் கிருமி தலைதூக்குகிறதா என்பதும் பிரித்தறிய அரிதே. கருவேல் முளைத்ததனால் கண்மாய் கெட்டதா, கண்மாயைப் பராமரியாது விட்டதனால் கருவேல் முளைத்ததா என்று நம் ஊர்ப் பெரியவர்கள் வாதிடுவதைப் போன்றதே இதுவும்.

மேல்நாடுகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இக்கிருமி இல்லை. ஆதலின் உள்ளவரையும் இல்லாதவரையும் ஒப்பிட அவர்களால் முடிகிறது. நம் நாட்டிலோ அனைவரும் உள்ளவரே. எனவே, "இருக்கிறதா?" என்ற கேள்வி நமக்குப் பயன் தராது. இதற்கென ரத்தப் பரிசோதனை செய்து பணம் செலவிடுமாறு எவரேனும் கூறினால், திடமான முதியோர் அதற்கு இணங்க வேண்டியதில்லை என்பது நமது கருத்து. இக்கிருமிக்குத் தடுப்பூசியும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நம் கையில் இருப்பது, காவலைத் தளரச் செய்யும் பிற காரணங்களே: அடங்காத நீரிழிவு, புகையிலை, அடுப்புப் புகை, பருப்பும் முட்டையும் அற்ற வெறுஞ்சோறு, உறக்கமின்மை, தனிமை.

முதுமையில் தளர்ந்த காவலை மீண்டும் தட்டி எழுப்ப இயலுமா என்ற ஆராய்ச்சி நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டில், 60 முதல் 80 வயது வரையிலான முதியோருக்குப் பி.சி.ஜி. ஊசி போட்டு அவர்கள் இரத்தத்தை ஆராய்ந்தது. நினைவாற்றலுள்ள காவல் அணுக்கள் பெருகியிருப்பதையும், அழற்சியைக் குறிக்கும் பொருள்கள் குறைந்திருப்பதையும் 2021இல் அறிவித்தது. இது நம்பிக்கை அளிக்கும் செய்தியே. ஆயினும் இரத்தத்தில் காணும் மாறுதல் வேறு, உயிர் காத்தல் வேறு. 1968இல் தொடங்கிச் செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த மாபெரும் பரிசோதனையில், இதே பி.சி.ஜி. பெரியவர்களைக் காசநோயிலிருந்து காக்கத் தவறியதை நாம் மறக்கலாகாது. மருத்துவர் கூறாமல் எந்த முதியவரும் அவ்வூசியைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

அக்கிக்கோ நிரூபணமான தடுப்பூசி உண்டு. 50 வயதைக் கடந்தோர்க்கு இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரு முறை போடப்படும் இவ்வூசி 2023இல் இந்தியாவிற்கு வந்தது. எழுபதைக் கடந்தோரையும் நூற்றுக்குத் தொண்ணூறு அளவிற்குக் காப்பதாகப் பரிசோதனைகளில் தெரிந்தது. இதற்கு முந்திய அக்கித் தடுப்பூசியைப் பற்றி வேல்ஸ் நாட்டிலிருந்து 2025இல் ஒரு வியப்பான செய்தி வந்தது. அங்கே 1933 செப்டம்பர் 2ஆம் தேதியிலும் அதன் பின்னரும் பிறந்தவர்களுக்கே ஊசி என்று விதித்திருந்தனர். ஒரு வாரம் முன்னே பிறந்தவர்களையும் பின்னே பிறந்தவர்களையும் ஒப்பிட்டதில், ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் ஏழு ஆண்டுகளில் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உறங்கும் கிருமியை அடக்கி வைப்பதில் மூளைக்கும் நன்மை உண்டு போலும். ஆனால் நம் நாட்டில் இத்தடுப்பூசி இலவசத் திட்டத்தில் சேரவில்லை. ஓர் ஊசிக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. விதைக் கடனே பாக்கியுள்ள குடும்பத்திடம் இதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நகரத்தில் சம்பாதிக்கும் பிள்ளைகளுடைய பெற்றோர் மருத்துவரைக் கலந்து போட்டுக்கொள்ளலாம். இலவசமாக வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றும் உரிமை கிராம சபைக்கு உண்டு என்பதையும் நினைவூட்டுகிறோம்.

எஞ்சிய பணிகளுக்குப் பெருஞ்செலவில்லை. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வீட்டிற்கே மருந்து கொண்டு தருகின்றனர். தத்தம் வார்டில் எந்த முதியவர் தனித்து வாழ்கிறார், எவர் மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அறிந்து அவர்களுக்குத் தெரிவித்தால் அத்திட்டம் முழுப் பயன் தரும். உணவைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1940இல் நிறுவப்பட்ட கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த ஜே. சி. குமரப்பா, தீட்டாத அரிசியையும் ஊரில் விளையும் பயறு வகைகளையும் வற்புறுத்தி வந்தது பெரியவர்கள் சிலருக்கு இன்னும் நினைவிருக்கலாம். பாசிப்பயறும் உளுந்தும் நிலக்கடலையும் விளைவிக்கும் ஊரில், விளைந்ததையெல்லாம் கமிஷன் கடைக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக் கிழவிக்கு இரசஞ்சோறு வைப்பது எவ்வகையிலும் பொருந்தாது.

அக்கியைக் குறித்துச் சில விவரங்கள் மாத்திரம் ஒவ்வொரு வீட்டிற்கும் தெரிந்திருக்க வேண்டும். உடலின் ஒரு பக்கத்தில் எரிச்சலுடன் கொப்புளம் கண்டால், அன்றோ மறுநாளோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். காவி எழுத விரும்புவோர் மருந்து வாங்கிய பின் வேளாரிடம் செல்லட்டும். ஆனால் உடைந்த புண்ணின் மேல் எதையும் பூசலாகாது. அக்கி கண்டவரைத் தொழுவத்தில் ஒதுக்கி வைப்பது அவசியமற்ற கொடுமை. அவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கி தொற்றாது. சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மைதான் தொற்றக்கூடும். ஆதலால் கொப்புளங்கள் பொருக்காகும் வரை துணியால் மூடி, கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மட்டும் விலக்கி வைத்தால் போதும். நெற்றியிலோ இமையிலோ, குறிப்பாக மூக்கு நுனியிலோ கொப்புளம் காணுமாயின், கண் நரம்பும் தாக்கப்பட்டிருக்கலாம். பார்வை போகக்கூடிய நிலை அது. அப்போது ஒரு நாளும் தாமதியாது, மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ பேருந்து ஏறிவிட வேண்டும். துணைக்கு வர வீட்டில் ஆளில்லாத முதியோரை அழைத்துச் செல்வதற்கு, வார்டுக்கு ஒருவரையேனும் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் பெயர் குறித்து நியமித்துக் கொள்ளுமாறு ஊராட்சிப் பொறுப்பில் இருப்போரைக் கேட்டுக்கொள்கிறோம்.